கொள்ளி வைக்காத மகன்

என் மாமனார் அந்தக் கேள்வியைச் சவரம் செய்யும்போதுதான் கேட்பார். மோவாய்க்குக் கீழே சோப்பு நுரை. அதில் என் வீட்டுக்காரரின் கை, கையில் ரேசர். அந்த நேரம் பார்த்து, "ஏஞ்சாமி, நான் போனா எனக்குக் கொள்ளி நீ வெப்பியா?" என்பார். என் வீட்டுக்காரர் ரேசரை எடுத்துவிட்டு, "இல்லீங்ப்பா" என்பார். கிழவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "செரி, அந்தப் பக்கம் வழிச்சு உடு" என்று முகத்தைத் திருப்பிக் கொடுப்பார். கத்தி என்னவோ மகன் கையில்தான் இருந்தது. ஆனால் கழுத்தில் கத்தி விழுந்தது யாருக்கு என்று வாசற்படியில் நின்று பார்த்த எனக்குத் தெரியும்.

மாமனாருக்கு வெண்ணந்தூர் பக்கம் தோட்டம். குச்சிக்கிழங்கும் சோளமும் போட்டுப் பிழைத்த குடும்பம். ஒரே மகன், ஒரு மகள். மகளை ஓமலூரில் கட்டிக் கொடுத்திருந்தார். மகன் சங்ககிரியில் லாரி வயரிங் வேலை கற்றுக்கொள்ளப் போன இடத்தில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போய், இருபது வயசுக்கு மேல் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். ஊரில் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்பார்கள். மகன் வேதக்காரன் ஆகிவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று மாமனார் முதலில் கேட்ட கேள்வியும் இதுதானாம். வேறு எதையும் கேட்கவில்லை. சோறு எங்கே தின்கிறாய், யார் பெண் கொடுப்பார்கள், எதுவும் இல்லை. கொள்ளி வைப்பாயா, அவ்வளவுதான். மகன் மாட்டேன் என்று சொன்னதும், தோட்டத்துப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்.

நான் அப்படி இல்லை. பிறவிக் கிறிஸ்தவள். என் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் சேலத்தில் சபையில் சேர்ந்துவிட்டது. விசுவாசம் எனக்குப் பாட்டன் சொத்து. பாட்டன் சொத்தின் அருமை பேத்திக்கு எங்கே தெரியும்? ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளைச் சேலை, கிறிஸ்துமஸ் என்றால் கேக்கு, செத்தால் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம். இவரைக் கட்டிக்கொண்டு சங்ககிரிக்கு வந்த பிறகுதான், நான் வாயால் பாடிக்கொண்டிருந்ததை ஒரு மனிதர் வாழ்ந்து பார்க்கிறார் என்பது புரிந்தது. அது கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. நல்லவர்களோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும்.

எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் வரவில்லை. அதாவது, கோயிலுக்குள் வரவில்லை. வெண்ணந்தூரிலிருந்து பஸ் பிடித்துச் சேலம் வந்து, எதிரே இருந்த டீக்கடையில் நின்று, நாங்கள் மாலையோடு வெளியே வரும் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். நாத்தனார் ரொம்ப நாள் கழித்து இதை என்னிடம் சொன்னாள். "எங்கப்பன் டீயே குடிக்க மாட்டாருங்க. அன்னிக்கு ரெண்டு டீ குடிச்சாராம்" என்றாள். அதைக் கேட்ட நாள் முதல் எனக்கு அந்தக் கிழவரைப் பிடித்துப்போனது.

பல வருஷம் பேச்சு வார்த்தை இல்லாமலே ஓடியது. அவர் அங்கே, நாங்கள் இங்கே. என் வீட்டுக்காரர் லாரிகளுக்கு அடியில் படுத்து வயர் இழுத்தார். நான் அதே லாரிகளின் கேபினுக்கு சீட் கவரும் திரையும் தைத்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில் நாத்தனார் போன் செய்து, அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் வராமல் போய்விட்டது என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளே கொஞ்ச நாள் தோட்டத்தில் தங்கிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் வீடு இருக்கிறது, மாடு கன்று இருக்கிறது. சம்பளத்துக்கு வைத்த ஆள் கிழவரின் வாய்க்குப் பயந்து சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். பக்கத்துத் தோட்டத்து அம்மா சோறு ஆக்கிக் கொடுக்க ஒத்துக்கொண்டாள். குளிப்பாட்டத்தான் ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் யாரையும் கேட்கவில்லை. ஒரு நாள் விடியும் நேரத்தில் வண்டியை எடுத்தார். திருச்செங்கோடு, மல்லசமுத்திரம் வழியாகத் தோட்டம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நாள் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். கட்டிலில் கிடந்த மாமனார் மகனைப் பார்த்ததும், "நீ வேதக்காரன். என்னையத் தொடாத" என்றார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆனால் வீம்பு கோணவில்லை.

"வேதக்காரன் தேச்சா அழுக்குப் போகாதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போகையில் மாமனார் ஒரு கையால் மகனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அதுதான் வேலை. சவரம், குளியல், வேட்டி, இட்லியைப் பிய்த்து ஊட்டுவது. பிறகு வண்டியை விரட்டிச் சங்ககிரிக்கு வந்து பட்டறை திறப்பது. தினமும் அந்தக் கேள்வி. தினமும் அந்த இல்லீங்ப்பா.

மாமனார் ஏன் விடாமல் கேட்டார் என்று எனக்குப் புரியும். அந்த ஊரில் நாலு பஞ்சாயத்துக்கு முன்னால் நின்று பேசிய மனுஷர். மகன் இருந்தும் கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் போனான், நாதியற்றுப் போனான் என்று ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. உயிரோடு இருக்கையில் எத்தனை பேச்சும் பேசி ஜெயித்துவிடலாம். செத்த பிறகு வருகிற பேச்சுக்கு யார் பதில் சொல்வது? அந்தப் பயம் அவருக்கு இருந்தது. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது.

ஒரு நாள் திரும்பி வரும் வழியில் மல்லசமுத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, செய்யறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாத்தான் என்ன? அவர் நிம்மதியாக் கண்ண மூடட்டும். அப்புறம் நீங்க செய்யறதும் செய்யாததும் அவருக்குத் தெரியவா போகுது?"

இவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "நாளைக்கும் அவரக் குளிப்பாட்டோணுமே புள்ள. பொய்யச் சொல்லிப்போட்டு எப்படி மூஞ்சியப் பாத்துத் தண்ணி ஊத்தறது?"

"அப்பச் செஞ்சேதான் உடுங்களேன். ஒரு சட்டி நெருப்பு. ஆண்டவர் அதப் போயி உங்க கணக்குல எழுதிக்குவாரா?"

"நம்பாமச் செஞ்சா அது அப்பனுக்கும் பொய்யி, ஆண்டவருக்கும் பொய்யி" என்றார். டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நான் கேட்காமலே, "அம்மாவுக்கு நான்தான் வெச்சேன்" என்றார்.

மாமியார் இவர் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டார் என்று தெரியும். இது தெரியாது. எங்கள் பக்கத்தில் கொள்ளி வைப்பவன் தண்ணீர்க் குடத்தைத் தோளில் சுமந்து சுற்றி வந்து, குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்து, தீ வைத்ததும் அப்படியே நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிற உயிருக்குப் பற்று விடாது என்பார்கள். "தோளப் புடிச்சுத் திருப்பி உட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போ சாமின்னாங்க. ஊடு வந்து சேர்ற வரைக்கும் பாக்கல. முதுகுல சூடு மட்டும் தெரிஞ்சுது. கழுத்து இன்னமும் அந்தப் பக்கமே இழுக்கறாப்புல இருக்குது" என்றார். சொல்லிவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் சபையில் சீஷத்துவக் கூட்டங்கள் நடந்தன. சீஷனாக இருப்பது என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியாரை வரவழைத்திருந்தார்கள். குளிர்சாதனக் காரில் வந்து இறங்கினார். நல்ல குரல். சுவிசேஷத்தில் இயேசுவின் பின்னால் வர நினைத்த மூன்று பேரைப் பற்றிப் பேசினார். ஒருவன் எங்கே போனாலும் வருகிறேன் என்கிறான். இன்னொருவன் முதலில் போய் என் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்கிறான். செத்தவர்களைச் செத்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீ வா என்கிறார் இயேசு. மூன்றாமவன் வீட்டில் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்கிறான். கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்க்கிறவன் லாயக்கில்லை என்று அவனுக்குப் பதில் கிடைக்கிறது. சின்ன வயசிலிருந்து கேட்ட பகுதி. ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்கு அபிநயம் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பிரசங்கியார் மேசையைத் தட்டினார். "அப்பனா, ஆண்டவரா? இதில் நடுவில் நிற்கிறவன் சீஷனே அல்ல" என்றார். ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் அப்பாவின் தோட்டத்துப் புழுதி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்வையைத் திருப்பி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். சபைக்குப் பக்கத்துக் காட்டில் ட்ராக்டர் உழுதுகொண்டிருந்தது. ஓட்டுகிறவன் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை முழுக்கப் பின்னால் திருப்பி, கலப்பையைப் பார்த்தபடியே ஓட்டினான். ஒரு சால் முடியும் வரைக்கும் அவன் முன்னால் பார்த்ததே குறைவு. பிரசங்கியாரோ திரும்பிப் பார்க்கிறவனை இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த ஓர் அம்மா தொடையில் கிள்ளினாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது சபை மூப்பர் ஒருவர் எங்களிடம் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எல்லாரையும் தன் கைப்பிடிக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு வந்து சேரும்போது ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது அவருக்கு உறுத்தலாக இருந்தது.

"தம்பி, பிரசங்கம் உங்களுக்காகவே வந்தாப்புல இருந்துதுங்க. ஆராதன முதல்ல, மத்ததெல்லாம் பொறவு. நாளைக்கு அப்பா காலமாகுறப்பவும் நீங்க உறுதியா நிக்கோணும். அந்த நெருப்புச் சட்டியத் தொட்டுப்போடாதீங்க" என்றார்.

இவர் தலையாட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் அப்படி இல்லை.

"அண்ணா, உங்கப்பாவ எங்க அடக்கம் பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம கல்லறத் தோட்டத்துலதாங்க."

"நீங்க போனீங்களா?"

"போகாம எப்படிங்க? பெத்த அப்பன்."

"சீஷராச்சுங்களே. செத்தவங்க பாத்துக்கட்டும்னு உட்டிருக்கலாமே" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர், "அவரோட உனக்கென்ன வம்பு?" என்று கடிந்துகொண்டார். வம்புதான். ஆனால் அன்றைக்கு ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எங்களைப் போன்ற பிறவிக் கிறிஸ்தவர்களுக்கு அந்த வசனம் சும்மா கிடைத்தது. நாங்கள் அப்பாவையும் அடக்கம் செய்யலாம், சீஷராகவும் இருக்கலாம். பாட்டு உண்டு, பெட்டி உண்டு, போதகர் உண்டு. எதையும் விட வேண்டியதில்லை. அந்த வசனத்துக்கு நிஜமாகவே பதில் சொல்ல வேண்டியிருந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் விடிந்தால் அப்பாவின் மோவாயில் சோப்புப் போடப் போகிறவர்.

அதற்குப் பிறகு நான் பொய் சொல்லச் சொல்லி இவரைத் தொந்தரவு செய்யவில்லை. பின்பற்றுவது என்றால் எல்லாவற்றையும் உதறிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடப்பது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். இவர் உதறவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. தினமும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு, கிழவரின் விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. சீஷத்துவம் என்ற பெரிய வார்த்தையை அதற்கு வைக்க வாய் கூசியது.

இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது. ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். சவரம் நடந்துகொண்டிருந்தது. ரேசர் கழுத்துப் பக்கம் வந்ததும் இவர் வழக்கம்போல் கையை எடுத்துக்கொண்டார். கேள்வி வரவில்லை. மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"சாமி, கடசி வரைக்கும் இருப்பியா?"

இவர் ரேசரைக் கிண்ணத்தில் வைத்தார். "இருப்பனுங்ப்பா" என்றார்.

அத்தனை நாளில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் சொன்ன முதல் ஆமாம் அதுதான். மாமனார், "செரி, அந்தப் பக்கம் வழிச்சு உடு" என்று முகத்தைத் திருப்பினார். கிளம்பும்போது கதவைச் சாத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஊர்ப் பேச்சுக்குப் பயந்துதான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நான் நினைத்திருந்தது பாதிதான் சரி. மிச்சப் பாதி, தனியாகப் போகப் பயந்த ஒரு வயசான மனிதரின் பயம். அது இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வண்டியில் வரும்போது அழுதேன். காற்றில் கண்ணீர் காதுப் பக்கம் ஓடியது.

அந்த வாரமே அவர் போய்விட்டார். நடுப்பகல். காலையில் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, இவர் பட்டறைக்குத் திரும்பியிருந்தார். சோறு கொண்டுபோன பக்கத்துத் தோட்டத்து அம்மாதான் பார்த்திருக்கிறாள். போன் வந்தபோது இவர் ஒரு லாரிக்கு அடியில் இருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். வெளியே வந்து, கையில் கிரீஸோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இருப்பேன்னு சொன்னேன் புள்ள. லாரிக்கடியில படுத்துக் கெடந்திருக்கறேன்" என்றார். நான் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தோட்டம் முழுக்கச் சனம். நாத்தனாருக்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. பங்காளிகள் எல்லாரும் சுற்றி நிற்க, மாமனாரின் தம்பி இவரிடம் கேட்டார். "என்ன சாமி, முடிவா என்ன சொல்றே? சனமெல்லாம் நிக்குது."

"நான் வெக்க மாட்டேனுங்க சித்தப்பா. அப்பாகிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கறேன். தம்பி வெக்கட்டும். குளிப்பாட்டறது மட்டும் நான் பண்றனுங்க. தூக்கறதுக்கும் வாரேன்."

சித்தப்பாவின் மகனைத்தான் தம்பி என்றார். கூட்டத்தில் ஒருவர், "பெத்த அப்பனுக்கே செய்யாதவன் எந்தச் சாமியக் கும்பிட்டு என்ன?" என்றார். இன்னொருவர் காறித் துப்பினார். நாத்தனார்தான் எழுந்து வந்தாள். கட்டிப்போன தொண்டையோடு, "எங்கண்ணந்தான் இத்தன நாளும் குளிப்பாட்டுச்சு. இன்னிக்கும் அதே குளிப்பாட்டட்டும்" என்றாள். பங்காளிகள் வழி விட்டார்கள்.

குளிப்பாட்டும் முன்னால் இவர் சோப்பும் ரேசரும் கேட்டு வாங்கினார். ஒரு நாள் தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. கன்னத்தை வழித்துவிட்டுக் கழுத்துப் பக்கம் வந்ததும் ரேசரை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார். எதற்கு நிற்கிறார் என்று சுற்றி இருந்தவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பழக்க தோஷம், கேள்விக்காகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தானே முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வழித்துவிட்டார்.

தம்பி மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். இவர் பாடையின் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தார். சபை மூப்பர் தோட்டத்து ஓரத்தில் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். மதிய வெயிலில் அத்தனை தூரம் வந்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும். என்னிடம் மெதுவாக, "பாடையத் தூக்கறது அவ்வளவா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தோடு நடந்து போனார்.

பெண்கள் முச்சந்தி வரைக்கும்தான் போகலாம். நானும் அதோடு திரும்பிவிட்டேன். வீட்டைக் கழுவி விட்டு, குளித்து, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். வெயில் தாழ்ந்தபோது ஆண்கள் ஒவ்வொருவராக ஈரத் துண்டோடு வந்து சேர்ந்தார்கள். தம்பி வந்தான், சித்தப்பா வந்தார், மூப்பரும் வந்தார். இவரைக் காணோம்.

தம்பியிடம் கேட்டேன். "அண்ணன் வரலீங்க அண்ணி. எல்லாருந் திரும்பிட்டோம். அண்ணன் மட்டும் அங்கயே நின்னுடுச்சு" என்றான். "நான் திரும்பிப் பாக்கக் கூடாதுங்களே. பாக்காமயே வந்துட்டேன். பெத்த மவன் இல்லீன்னாலும் எனக்கும் பெரியப்பன்தானுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான்.

நான் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெண்கள் போகக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். நாத்தனார், "போகட்டும் உடுங்க. அவிய வழக்கத்துல போவாங்க" என்றாள். உண்மைதான், எங்கள் வழக்கத்தில் பெண்கள் குழி வரைக்கும் போவோம். கிழங்குக் காட்டு வரப்பு வழியாக நடந்தேன்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. தீ நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, சூடு முகத்தில் அடிக்கிற தூரத்தில், இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எரிக்கிற ஆள் நீளமான மூங்கிலோடு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்.

"போங்க சாமி. எல்லாருந்தான் போயிட்டாங்களே. திரும்பிப் பாக்கறதே ஆகாதும்பாங்க, நீங்க நின்னு பாத்துட்டிருக்கறீங்க."

"கொள்ளி வெச்சவங்கதானுங்க பாக்கக் கூடாது" என்றார் இவர். "நான் வெக்கலீங்களே. கடசி வரைக்கும் இருக்கறேன்னு அப்பாகிட்டச் சொல்லியிருக்கறேனுங்க."

எரிக்கிற ஆள் அவரைப் பார்த்தார். பிறகு போய் மூங்கிலால் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். மகனின் கடமை என்று ஊர் ஒத்துக்கொண்ட காரியத்தைச் செய்த பிள்ளை, முறைப்படி, திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. மாட்டேன் என்று தினமும் சொன்னவர் மட்டும்தான் அங்கே மிச்சம் இருந்தார். மாமனார் தனியாக இல்லை. அது எனக்கு அப்போது போதுமானதாக இருந்தது.

இவர் முகமெல்லாம் புகைக் கரி. கண் சிவந்திருந்தது. பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மறுபடியும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.